கருணையா, நீதியா: ஆளுநர் ஆல்ட்கெல்ட் 1893-ல் எடுத்த முடிவு

எதைப் பற்றிய ஆய்வு

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் கைக்குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். வழக்கறிஞராகி, நீதிபதியாகி, 1893-ல் இலினாய் மாநிலத்தின் ஆளுநரானார். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் ஊர் முதலமைச்சரின் இடத்தில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். பதவியேற்ற ஆறாவது மாதத்தில், சிறையில் இருந்த மூன்று பேரை விடுவித்து ஓர் ஆணை போட்டார். அவருடைய அரசியல் வாழ்க்கை அந்த ஆணையோடு சரியத் தொடங்கியது.

விடுவித்ததற்காக மட்டும் அவர் தண்டிக்கப்படவில்லை என்பது என் கருத்து. விடுவித்ததற்கு அவர் எழுதிவைத்த காரணங்களே அவரைத் தண்டித்தன. சட்டம் படித்துவிட்டு அதிகாரத்துக்கு வருகிறவர்கள் இந்த வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி: நசாவிலிருந்து சிகாகோ வரை

1847 டிசம்பர் 30 அன்று, ஜெர்மனியின் நசாவ் பகுதியில் உள்ள நீடர்செல்டர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். மறு ஆண்டே குடும்பம் கப்பலேறி ஒஹாயோ மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்ட் பக்கத்தில் குடியேறியது. வீட்டில் பேச்சு ஜெர்மன், வேலை விவசாயம். மகன் படிப்பதைவிட வயலில் நிற்பதே அப்பாவுக்கு முக்கியமாக இருந்தது. 1864-ல், 16 வயதில், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். வர்ஜீனியாவில் பிடித்த காய்ச்சல் கடைசிவரை அவரை முழுசாக விடவில்லை.

போருக்குப் பிறகு கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். அப்புறம் மேற்கே நடையைக் கட்டினார். ஆர்கன்சாவில் ரயில் பாதை போடும் கூலி வேலை, மறுபடி காய்ச்சல், கடைசியில் மிசௌரி மாநிலத்தின் சவானா என்ற சிற்றூர். அங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்துகொண்டே சட்டம் படித்து 1871-ல் வழக்காடும் உரிமை பெற்றார். 1874-ல் விவசாயிகள் இயக்கத்தின் ஆதரவோடு அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகத் தேர்வானார். மறு ஆண்டே அதை விட்டுவிட்டு, கையில் சொற்பப் பணத்தோடு சிகாகோ போய்ச் சேர்ந்தார்.

சிகாகோவில் பணம் வந்தது. வக்கீல் தொழிலைவிட மனை வாங்கி விற்பதில் அதிகம் சம்பாதித்தார். நகரின் நடுவே 16 மாடியில் யூனிட்டி பில்டிங் என்று ஒரு கட்டடமே எழுப்பினார். இவ்வளவு வசதி வந்தவர் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அவர் 1884-ல் எழுதிய சிறைச் சீர்திருத்த நூல் சாட்சி. சிறைகளை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். கைதுக்கு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று அதிகாரிகளுக்குக் கட்டணம் போகும் ஏற்பாடு அநாவசியக் கைதுகளை வளர்க்கிறது. அந்த நூலின் சாரம் இதுதான். அரசு வழக்கறிஞராகச் சிலரைச் சிறைக்கு அனுப்பிய அனுபவம் உள்ளவர் அப்படி எழுதியதால் எடை கூடியது.

1884-ல் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். 1886-ல் குக் கவுண்டி உயர்நிலை நீதிமன்றத்தின் நீதிபதியாகத் தேர்வானார். இந்தக் கதையின் மற்றொரு முக்கிய மனிதரான ஜோசப் கேரியும் அதே நீதிமன்றத்தில்தான் நீதிபதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

வழக்கு: ஹேமார்க்கெட், 1886

எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே முதல் தேதி அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 3 அன்று சிகாகோவில் மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மே 4 இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். நகர மேயரே நேரில் வந்து பார்த்து, கூட்டம் அமைதியாக நடக்கிறது, போலீசை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மழை வரும்போல் இருந்ததால் கூட்டமும் கரைந்துகொண்டிருந்தது. அப்போது இன்ஸ்பெக்டர் பான்ஃபீல்டின் தலைமையில் 170-க்கும் மேற்பட்ட போலீசார் அணிவகுத்து வந்தார்கள். எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து விழுந்தது. குண்டிலும் அதைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டிலும் காயப்பட்ட போலீசாரில் ஏழு பேர் இறந்தார்கள். பொதுமக்களிலும் பலர் இறந்தார்கள், காயப்பட்டார்கள்.

குண்டை வீசியவர் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. விசாரிக்கப்பட்டவர்கள் எட்டு அராஜகவாதிகள், அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள். அதில் ஐந்து பேர் ஜெர்மனியில் பிறந்தவர்கள், ஒருவர் இங்கிலாந்தில். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவரான ஆஸ்கர் நீபேயும் ஜெர்மன் வம்சாவளிதான். பத்திரிகைகள் முதல் நாளிலிருந்தே வெளிநாட்டுச் சதி என்று எழுதின.

1886 ஆகஸ்ட் 20 அன்று தீர்ப்பு: ஏழு பேருக்குத் தூக்கு, நீபேக்கு 15 ஆண்டு. மாநில உச்ச நீதிமன்றம் 1887 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. சாமுவேல் ஃபீல்டன், மைக்கேல் ஷ்வாப் இருவரின் தண்டனையை அன்றைய ஆளுநர் ஆயுள் சிறையாகக் குறைத்தார். லூயிஸ் லிங் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மற்ற நால்வரும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். நீதிபதி பதவியில் இருந்த ஆல்ட்கெல்ட் அப்போது பொதுவெளியில் எதுவும் பேசவில்லை.

1893: மேஜைக்கு வந்த மனு

1857-க்குப் பிறகு இலினாயில் ஆளுநரான முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் ஆல்ட்கெல்ட். வெளிநாட்டில் பிறந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆளும் அவரே. ஜனவரியில் பதவியேற்கும்போதே உடம்பு சரியில்லை. உரையைப் பெரும்பாலும் வேறொருவர்தான் வாசித்தார்.

சிறையில் எஞ்சியிருந்த ஃபீல்டன், ஷ்வாப், நீபே மூவருக்கும் மன்னிப்பு கேட்டுச் சுமார் 60,000 பேர் கையெழுத்திட்ட மனு அவரிடம் வந்தது. கையெழுத்திட்டவர்களில் பாங்க் அதிபர்களும் வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் உண்டு. அவர்களில் பலருடைய வாதம் இதுதான்: குற்றம் செய்தவர்களாகவே இருக்கட்டும், ஏழு ஆண்டு போதும், விட்டுவிடலாம். அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் சில நாள் முணுமுணுப்போடு விஷயம் முடிந்திருக்கும்.

கிளாரன்ஸ் டாரோ அப்போது இளம் வழக்கறிஞர், ஆளுநரின் நண்பர். மன்னிப்பைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லி அவரும் நெருக்கினார். ஆல்ட்கெல்ட் அவசரப்படவில்லை. தான் மன்னிப்புக் கொடுத்தால் நண்பர்கள் எதிர்பார்க்கிற பாராட்டு வராது, அன்றிலிருந்து அரசியலில் தான் செத்தவன் என்று அவரிடம் சொன்னதாக டாரோ பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். ஆக, விலை தெரிந்தேதான் இறங்கினார்.

ஆவணங்களில் அவர் கண்டது

விசாரணைப் பதிவை உட்கார்ந்து வாசித்தார். இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் 12 பொதுமக்கள் குழு. சிகாகோவில் வழக்கமாக ஜூரிக்கான பெயர்களைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இந்த வழக்கில் ரைஸ் என்ற சிறப்பு அமீனாவை நியமித்து, அவர் விரும்பியவர்களைக் கூப்பிட்டு வர அனுமதித்தார்கள். சிகாகோ வியாபாரி ஒருவர் பிற்பாடு பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். இந்த வழக்கை நான்தான் நடத்துகிறேன், இவர்கள் தூக்கில் தொங்குவது நிச்சயம் என்று அந்த அமீனா தன்னிடம் சொன்னதாக அதில் இருக்கிறது. அமீனாவின் உத்தியையும் அது விளக்குகிறது. எதிர்த் தரப்பு ஏற்கவே முடியாத ஆட்களாகப் பார்த்துக் கூட்டி வருவது, காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் உரிமையை அவர்கள் மேலேயே அவர்களைச் செலவழிக்க வைப்பது. எட்டுப் பேருக்கும் சேர்த்து அந்த உரிமை 160 முறைதான். அது தீர்ந்த பிறகு அரசுத் தரப்புக்குப் பிடித்த ஜூரிதான் மிஞ்சும். மொத்தம் 981 பேரை விசாரித்து 12 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த 981 பேரில் ஒருவரை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். வழக்கைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். இறந்த போலீஸ்காரர்களில் ஒருவர் தனக்குத் தூரத்துச் சொந்தம் என்றும் சொல்கிறார். எதிர்த் தரப்பு காரணம் காட்டி ஆட்சேபிக்கிறது. நீதிபதி கேரி அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, சாட்சியத்தை மட்டும் வைத்து நியாயமாக முடிவு செய்ய முடியும் என்று நம்புகிறேன் என அவர் வாயிலிருந்து வரவைத்து, ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்கிறார். வேறு வழியில்லாமல் எதிர்த் தரப்பு தன் 160-ல் ஒன்றை அவர் மேல் செலவழிக்கிறது. இதே நாடகம் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இதற்கு ஆல்ட்கெல்டின் கையில் புது ஆயுதம் ஒன்றும் இருந்தது. 1893 ஜனவரியில், டாக்டர் குரோனின் கொலை வழக்கில், அதே மாநில உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. முன்முடிவோடு இருக்கும் ஒருவர் நடுநிலையாக இருப்பேன் என்று வாயால் சொன்னால் மட்டும் ஜூரராகத் தகுதி வந்துவிடாது. இந்த அளவுகோலால் அளந்தால் ஹேமார்க்கெட் ஜூரி நிற்காது.

அடுத்தது சாட்சியம். குண்டை வீசியவர் யாரென்று தெரியவில்லை. அப்படியிருக்க, அந்த ஆள் இவர்களுடைய பேச்சைக் கேட்டோ எழுத்தைப் படித்தோதான் வீசினான் என்பதற்கும் ஆதாரமில்லை. பொதுவாக வன்முறையைத் தூண்டிப் பேசினார்கள், எழுதினார்கள், அதுவே போதும் என்றுதான் தண்டித்தார்கள். இது போன்ற வழக்குக்குச் சட்டப் புத்தகங்களில் முன்னுதாரணம் இல்லை என்று நீதிபதி கேரியே மறு விசாரணை மனுவைத் தள்ளும்போது சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை ஆல்ட்கெல்ட் எடுத்து மேஜையில் வைத்தார்.

நீபேயின் நிலைமை இன்னும் மோசம். ஜெர்மன் தொழிலாளர் பத்திரிகையில் அவருக்கு இரண்டு டாலர் மதிப்புள்ள பங்கு. வீட்டில் ஒரு துப்பாக்கி, ஒரு சிவப்புக் கொடி. ஒரு மதுக்கடையில் சில துண்டறிக்கைகளை வைத்தார். இவ்வளவுதான். இதற்குப் பதினைந்து ஆண்டு. இவர் மேல் வழக்கே இல்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னதை மேயரும் நகரத்தின் சட்ட அதிகாரியும் எழுத்தில் உறுதிப்படுத்தியிருந்தார்கள்.

முடிவும் காரணமும்

ஆளுநரின் முன்னால் மூன்று வழி இருந்தது. மனுவை ஒதுக்கி வைக்கலாம். கருணை அடிப்படையில் விடலாம். விசாரணையே தவறு என்று சொல்லி விடலாம்.

இரண்டாவது வழியை அவர் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு ஆணையின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. நியாயமான விசாரணை நடந்து, இவர்கள் குற்றவாளிகள் என்று நிரூபணமாகியிருந்தால், ஆளுநர் குறுக்கிட இடமே இல்லை, எந்தத் தண்டனையும் அதிகமில்லை என்கிறார். கருணை என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். தூக்கில் போன நால்வரும் நியாயமாகத்தான் போனார்கள் என்றும் ஆகிவிடும். பதிவைப் படித்த பிறகு ஒரு வழக்கறிஞரின் மனசாட்சிக்கு அது பொய்க் கையெழுத்து.

1893 ஜூன் 26 அன்று மூவரையும் நிபந்தனையின்றி விடுவித்தார். கூடவே சுமார் 18,000 சொற்களில் காரணங்கள். ஐந்து தலைப்புகள்: ஜூரி பொறுக்கி எடுக்கப்பட்டது, ஜூரர்கள் தங்கள் வாயாலேயே தகுதியிழந்தவர்கள், குற்றம் நிரூபணமாகவில்லை, நீபே மேல் வழக்கே இல்லை, நீதிபதி பாரபட்சமாக நடந்தார்.

ஆணையை ஜோலியட் சிறைக்கு எடுத்துப் போனவர் ஒரு பாங்க் அதிபர். 1886-ல் இந்த எட்டுப் பேர் மேல் குற்றச்சாட்டைப் பதிவு செய்த கிராண்ட் ஜூரியின் தலைவராக இருந்தவரும் அவர்தான். காகிதங்களை வாங்கியதும் ஏதோ சொல்ல முயன்று, முடியாமல் அழுதுவிட்டார். ரயிலுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்று ஆளுநர் அவரை அனுப்பிவைத்தார்.

தொடர்ந்து நடந்தவை

எதிர்ப்பு உடனே வந்தது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அவரை அராஜகவாதி என்றன. கேலிச் சித்திரங்களில் கையில் தீவட்டியோடு வரைந்தார்கள். அமெரிக்கனைப் போல யோசிக்கவும் உணரவும் தெரியாத ஆள் என்று சிகாகோ நாளிதழ் ஒன்று அவருடைய ரத்தத்தையே கேள்வி கேட்டது. கைக்குழந்தையாக இருக்கும்போதே வந்தவர், 16 வயதில் அந்த நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர். ஆணையின் வாதங்களுக்குப் பதில் சொல்வதைவிடப் பிறந்த ஊரைச் சொல்வது சுலபமாக இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி கேரி மறுபடி தேர்தலில் நின்றார். சிகாகோ மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள்.

ஆளுநர் வேலை நிற்கவில்லை. 1893-லேயே தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்து, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தார். அதை நடைமுறைப்படுத்த ஃபுளோரன்ஸ் கெல்லியைத் தலைமை ஆய்வாளராக நியமித்தார். எட்டு மணி நேரப் பிரிவை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

1894-ல் புல்மன் ரயில் பெட்டி நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம். ஆளுநர் கேட்காமலேயே ஜனாதிபதி கிளீவ்லேண்ட் சிகாகோவுக்கு மத்தியப் படையை அனுப்பினார். மாநிலப் படை தயாராக இருக்கிறது, தேவைப்பட்டால் நானே கேட்பேன், கேட்காமல் அனுப்புவது அரசமைப்புக்கு விரோதம் என்று ஜூலை 5 அன்று ஆல்ட்கெல்ட் தந்தி அடித்தார். நல்ல சட்டக் கேள்வி அது. ஆனால் கேட்டவர் மேல் ஓராண்டுக்கு முன்பே முத்திரை குத்தியாகிவிட்டதால், அராஜகவாதி ஆளுநர் கலவரக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறார் என்று கேள்வியைத் தள்ளிவிட்டார்கள். மறுநாளே மேயர் கேட்டதும் அவர் மாநிலப் படையை அனுப்பினார் என்பதைப் பலரும் கண்டுகொள்ளவில்லை. மன்னிப்பு ஆணையின் உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன்: அடுத்து அவர் சொன்ன சரியான விஷயங்களும் காதில் விழாமல் போயின.

1896-ல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கொள்கை அறிக்கையை வடிவமைத்த முக்கியக் கை அவருடையது. வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் ஜனாதிபதி வேட்பாளராக அவர் நிற்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த நவம்பரில் ஆளுநர் பதவியையும் இழந்தார். புதிய ஆளுநர் பதவியேற்ற நாளில், வழக்கமாக விடைபெறுபவர் பேசும் வாய்ப்பைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. யூனிட்டி பில்டிங்கும் கடனில் கைவிட்டுப் போனது. 1899-ல் சிகாகோ மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். கடைசிக் காலத்தில் டாரோவின் நிறுவனத்தில் வழக்கறிஞராக வேலை பார்த்தார். 1902 மார்ச் 11 அன்று ஜோலியட்டில் தென்னாப்பிரிக்காவின் போயர் மக்களுக்கு ஆதரவாகப் பேசிவிட்டு மேடையிலிருந்து வந்தவர் மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார். வயது 54.

விடுதலையான மூவரில் ஷ்வாப் 1898-ல் இறந்தார். நீபே சிகாகோவிலேயே வாழ்ந்து 1916-ல் இறந்தார். ஃபீல்டன் கொலராடோவில் பண்ணை வாங்கிக் குடியேறி 1922 வரை இருந்தார். மூவர் மேலும் புதிய குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை.

வேறு மாதிரி செய்திருக்கலாமா

முடிவை மாற்றியிருக்க வேண்டியதில்லை. கருணை மன்னிப்பு அவரைக் காப்பாற்றியிருக்கும், உண்மை. ஆனால் ஜூரியைப் பொறுக்கி எடுத்த கதை அரசாங்க ஆவணமாக ஆகியிருக்காது. இரண்டு விஷயங்களை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று படுகிறது.

ஒன்று, ஐந்தாவது பகுதி. முதல் நான்கும் பதிவிலிருந்தும் வாக்குமூலங்களிலிருந்தும் கட்டப்பட்டவை. ஐந்தாவது பகுதி, கேரியின் நோக்கத்தையே சந்தேகித்து எழுதப்பட்டது. இருவரும் ஒரே நீதிமன்றத்தில் இருந்தவர்கள். ஆல்ட்கெல்ட் தன் சொத்து வழக்கு ஒன்றில் கேரி உள்ளிட்ட அமர்வின் தீர்ப்பால் கசப்படைந்திருந்தார் என்பதும் ஊரறிந்த விஷயம். பழைய கணக்கைத் தீர்க்கிறார் என்று சொல்ல எதிரிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நீதிபதி சொன்ன வாக்கியங்களை மட்டும் எடுத்துக்காட்டி, அவருடைய மனதைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால், பத்திரிகைகள் ஜூரி விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் வந்திருக்கும்.

இரண்டு, காலம். தூக்கிலிடப்பட்டவர்களுக்கு வால்ட்ஹைம் கல்லறையில் ஜூன் 25 அன்று நினைவுச்சின்னம் திறந்தார்கள். மறுநாள் மன்னிப்பு ஆணை வெளியானது. இரண்டையும் சேர்த்து ஒரே கொண்டாட்டமாகக் காட்டுவது எதிரிகளுக்கு எளிதாகிவிட்டது. சில வாரங்களுக்கு முன்பே அமீனா பற்றிய வாக்குமூலத்தைத் தனியாக வெளியிட்டு, அது பேசப்பட்ட பிறகு ஆணை போட்டிருக்கலாம்.

அன்றைய நடைமுறையை வைத்துப் பார்த்தால் விசாரணை அவ்வளவு மோசமில்லை, சாட்சியமும் ஆல்ட்கெல்ட் காட்டியதைவிட வலுவானது என்று அண்மைக் காலத்தில் வாதிட்ட வரலாற்றாய்வாளரும் உண்டு. குண்டு செய்ததில் லிங்கின் பங்கைப் பற்றி அந்த வாதம் யோசிக்க வைக்கிறது. ஆனால் ஆல்ட்கெல்டின் மேஜையில் இருந்த மனு லிங்குடையது இல்லை. இரண்டு டாலர் பங்குக்காரரான நீபேயும், போலீஸ் வந்து நின்றபோது வண்டி மேல் நின்று பேசிக்கொண்டிருந்த ஃபீல்டனும், பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த ஷ்வாபும்தான் அதில் இருந்தார்கள். அவர்களை விசாரித்த ஜூரியைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கல் பெட்டியை ஒதுக்கி வைத்தது எந்தக் கணக்கிலும் சரியாகாது.